கூவியர் முதல் அம்மாச்சி வரை



சில காலத்துக்கு முன் வகுப்பிலே பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்து மண் சுமந்த படலத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். அப்புராணத்தின் 61ஆம் படலம் அது. வைகையில் வெள்ளம் வருகிறது. கரையை அடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும் என்று பாண்டியன் கட்டளையிடுகிறான். பிட்டு விற்றுப் பிழைக்கும் வந்தி என்னும் கிழவிக்கு அனுப்ப ஆளில்லை. சொக்கநாதரே கூலியாளாக வந்து, உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பெற்று, மண் சுமந்து, பிரம்படியும் படுகிறார். இறைவனின் எளிவந்த தன்மையைப் பற்றி நான் சற்று விரிவாகவே பேசினேன். முடிவில், ஐயம் உண்டாயின் கேளுங்கள் என்றேன். பின்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்தாள்.

“சேர், வந்தி விடிய எத்தனை மணிக்கு எழும்பியிருப்பா?”

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். அது பாடலில் இல்லையே பிள்ளை என்று சொல்லி அடுத்த பாட்டுக்குப் போய்விட்டேன்.

அந்தப் பிள்ளையின் தாய் பூநகரியிலே அப்பம் சுட்டுக் கடைகளுக்குக் கொடுப்பவர் என்பது பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது. மாணவர் விபரப் படிவத்தை எடுத்துப் பார்த்தேன். தாயின் தொழில் என்ற இடத்தில் அவள் ‘வீட்டுப்பணி’ என்று எழுதியிருந்தாள். நான் அன்று சிரித்த சிரிப்புக்கும் அந்த ஒரு சொல்லுக்கும் தொடர்பு உண்டு என்றே எண்ணுகிறேன். ஆகவே இவ்வாரம், காலைப் பலகாரம் சுட்டு விற்கும் கடைகளின் வரலாற்றை, உண்டவரின் பக்கமிருந்து அல்லாமல் அடுப்பின் பக்கமிருந்து சொல்லிப் பார்க்கலாம் என்று கருதினேன்.

காலையுணவைக் கடையில் உண்பது நம்மவரிடையே நெடுங்காலம் வழக்கமாக இருக்கவில்லை. உழவன் வீட்டில் விடியற்காலையில் இருந்தது பழஞ்சோறும் பழங்கஞ்சியுமே. வயலுக்குப் போகிறவன் வீட்டிலேயே உண்டு போனான். அப்பமும் பிட்டும் கடைக்கு வந்த இடங்கள் வேறு. ஊர்விட்டு ஊர் போகிறவர் கூடும் துறைமுகம், அங்காடி, ஆற்றங்கரை, தோணித்துறை, திருவிழா வீதி ஆகிய இடங்களிலேதான் அவை விலைக்கு வந்தன. நமது இலக்கியங்களும் அவற்றை அங்கேதான் காண்கின்றன.

பழைய தமிழில் அப்பம் சுட்டு விற்பவருக்குக் கூவியர் என்று பெயர். பிட்டு விற்பவர் காழியர் எனப்பட்டனர். மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சியிலே இரவு நேரத்து மதுரை யாமம் யாமமாக வருணிக்கப்படுகிறது. அங்கே மெல்லடையும் மோதகமும் விற்கும் கூவியர் வருகிறார்கள். மெல்லடைக்குப் புலவர் சொல்லும் உவமை, வரிகளையுடைய தேனடை. தாச்சியிலிருந்து அப்பத்தைக் கிளப்பி வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தவர்களுக்கு இந்த உவமையின் அருமை விளங்கும். நன்றாகப் புளித்த மாவிலே எழும்பும் கண்களைப் புலவர் கண்டிருக்கிறார். அதற்கு மேலும் ஒன்றைக் கண்டிருக்கிறார். அந்த யாமத்திலே கூவியர் தூங்கி விழுந்து உறங்குகிறார்கள் என்கிறார். மாணவி கேட்ட கேள்விக்குச் சங்க இலக்கியம் தரும் அரை விடை இது. எழும்பிய நேரம் தெரியாது. ஆனால் அடுக்கி வைத்த பண்டத்தின் முன்னே இருந்தபடி கண்ணயர்ந்தார்கள் என்பது தெரிகிறது.

சிலப்பதிகாரத்திலே இளங்கோ அடிகள் இவர்களை இரு இடங்களில் நிறுத்துகிறார். இந்திரவிழவூரெடுத்த காதையில், புகாரின் மருவூர்ப்பாக்கத்து வணிகரின் நீண்ட வரிசையிலே காழியரும் கூவியரும் இருக்கின்றனர். கடலாடு காதையில் இன்னும் சிறப்பு. கடற்கரை மணலிலே இரவில் எரியும் விளக்குகளை அடிகள் ஒவ்வொன்றாக எண்ணுகிறார். காழியரின் விளக்கு, கூவியரின் அகல் விளக்கு, மீன் விற்பவரின் விளக்கு, பரதவரின் திமில் விளக்கு என்று போகும் அந்த வரிசையில், கப்பலுக்கு வழிகாட்டும் கலங்கரை விளக்கமும் இடம்பெறுகிறது. பெரிய விளக்கையும் அப்பக்கடை அகலையும் ஒரே மூச்சில் சொன்ன அந்தப் பார்வை பெரிது. ஆயினும் விளக்கின் பின்னே இருந்தவர் யார், எவ்வூரார், பெயரென்ன என்பதற்குக் காப்பியத்தில் இடமில்லை.

பலகாரம் சுட்டு விற்றவருள் நமது பழைய நூல்களிற் பெயரோடு நிலைத்திருப்பவள் வந்தி ஒருத்திதான் என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு. இம்முறை அகராதியை எடுத்துப் பார்த்தேன். வந்தி என்ற சொல்லுக்கு அது தரும் பொருள்களில் ஒன்று ‘மலடி’. அப்படியானால் அதுவும் அவளுடைய பெயர்தானா, பிள்ளையில்லாத கிழவியை ஊரார் சுட்டிய சொல்லா? மாணிக்கவாசகர் திருவாசகத்திலே பிட்டுக்கு மண் சுமந்த பெருமானைப் பாடுகிறார். மதுரையில் இன்றும் ஆவணி மூலத்தன்று பிட்டுத் திருவிழா நடக்கிறது. இத்தனை புகழுக்கும் காரணமான அடுப்புக்காரியை நாம் எந்தச் சொல்லால் அழைத்து வந்திருக்கிறோம் என்று எண்ணியபோது மனம் கனத்தது. அன்றியும், வீட்டுக்கு ஓர் ஆள் என்ற கட்டளையின் பொருளை வன்னியில் வாழ்ந்த எவருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. ஆள் இல்லாத வீட்டின் வாசலில் நின்று அழுத கிழவியை நாம் புராணத்தில் மட்டுமா கண்டோம்?

இனி எங்கள் பூநகரிக்கு வருவோம். பழமையான மண் இது. பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் 1993இல் வெளியிட்ட ‘பூநகரி தொல்பொருளாய்வு’ என்ற நூல், இப்பகுதியில் கிடைத்த கறுப்புச் சிவப்பு மட்பாண்டங்களைக் கொண்டு ஆதிக் குடியிருப்புகளைப் பற்றிப் பேசுகிறது. இந்த மண்ணின் நெல் மொட்டைக்கறுப்பன். மழையை நம்பி விளையும் பெரும்போக நெல். அதன் சிவத்தப் பச்சையரிசிக்குத் தனி மணம் உண்டு. யாழ்ப்பாணத்துச் சந்தைகளில் ‘பூநகரி மொட்டைக்கறுப்பன்’ என்று ஊர்ப்பெயர் சொல்லியே கேட்டு வாங்குவார்கள்.

பூநகரிக்கும் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கும் இடையில் கடல்நீரேரி. சங்குப்பிட்டித் துறையிலிருந்து அக்கரையிலுள்ள கேரதீவுக்குப் போகும் மிதவையைப் ‘பாதை’ என்பார்கள். எண்பதுகளின் பிற்பகுதியில், நான் சிறு பையனாயிருந்தபோது, தகப்பனாரோடு இரண்டொரு தடவை அந்தப் பாதையில் போயிருக்கிறேன். விடியுமுன்பே துறையில் ஆட்கள் சேர்ந்துவிடுவார்கள். நெல்மூட்டைக்காரர், மீன் வியாபாரிகள், ஆசுபத்திரிக்குப் போகும் நோயாளர், தவணை முடிந்து திரும்பும் மாணவர். அங்கே ஓலைக் கொட்டிலொன்றில் ஓர் ஆச்சி அப்பம் சுட்டுக்கொண்டிருப்பா. கூவியரின் அகல் விளக்கைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நினைவு வருவது அந்தக் கொட்டிலின் போத்தல் விளக்குத்தான்.

அப்பம் சுடுவது அந்தக் காலையில் தொடங்கும் வேலையன்று. முதல்நாட் பகலே அரிசியை ஊறப்போட வேண்டும். ஊறிய அரிசியை உரலில் இடித்து அரித்து, ஒரு பங்கைக் கஞ்சியாகக் காய்ச்சி மாவோடு சேர்த்து, பனங்கள்ளோ தென்னங்கள்ளோ விட்டுப் பிசைந்து பொங்க விடவேண்டும். மழைக்குளிரில் மா பொங்காது. வெயில் காலத்தில் பொங்கி வழிந்து புளித்துவிடும். இரவில் ஒரு தடவையாவது எழும்பிப் பார்க்காமல் இருக்க முடியாது. விடியப்புறத்தில் தேங்காய் துருவிப் பால் பிழிந்து விட்டு, பதம் பார்த்துத் தாச்சியில் வார்த்துச் சுழற்ற வேண்டும். கீழே சிரட்டைத் தணல். மேலே மூடியிலும் தணல். நடுவே மென்மையும் விளிம்பிலே மொறுமொறுப்பும் இந்த இரட்டைச் சூட்டினால் வருவன. ஒரு தாச்சிக்கு ஒரு அப்பம், அவசரப்படுத்த வழியில்லை. பாதை புறப்படும் ஆரவாரத்தில் பத்துப்பேர் ஒரே நேரத்தில் கைநீட்டும்போது ஆச்சி ஒருவரையும் நிமிர்ந்து பார்க்கமாட்டா. தணலைத்தான் பார்ப்பா.

பூநகரியில் ஒரு பழைய கோட்டையும் உண்டு. போர்த்துக்கேயர் கட்டி, ஒல்லாந்தர் பெருப்பித்தது. பிறநாட்டார் வந்த வழியில் அவர்களது காலையுணவும் வந்தது. போர்த்துக்கேயரின் சொல்லே நமது வாயில் ‘பாண்’ ஆயிற்று. ஒல்லாந்தர் தமது சிறு பலகாரத்துக்குச் சொன்ன பெயர் சிங்களவரிடத்தில் ‘கொக்கிஸ்’ ஆகி, இரும்பு அச்சிலே தோய்த்துப் பொரிக்கும் சித்திரைப் பலகாரமாய் நிலைத்துவிட்டது. மறுதலையாக, ஆங்கிலேயர் நமது அப்பத்தைத் தமது நாவுக்கேற்ப ‘ஹொப்பர்’ என்று திரித்து அகராதியில் ஏற்றிக்கொண்டனர். அமெரிக்காவிலே மாவைக் கரைத்துத் தட்டையாகச் சுடும் ‘பான்கேக்’ என்னும் பண்டத்துக்கென்றே 1958இல் கலிபோர்னியாவில் ஒரு உணவகம் தொடங்கி, பின்னர் நாடெங்கும் நூற்றுக்கணக்கான கிளைகளாய்ப் பெருகியது. கரைத்த மா, சூடேறிய தட்டு, விடியற்காலைப் பசி ஆகிய மூன்றும் எத்தேசத்துக்கும் பொது.

கொட்டிலிலிருந்த பலகாரம் வாங்கும் மேசையும் போட்ட கட்டிடத்துக்குள் புகுந்த கதை இருபதாம் நூற்றாண்டுக்குரியது. தென்கன்னடத்து உடுப்பியிலிருந்து புறப்பட்ட சமையற்காரர்கள் தென்னிந்திய நகரங்களில் தோசை, இட்டலி உணவகங்களைத் திறந்தனர். 1924இல் பெங்களூரில் மாவள்ளி டிபன் ரூம்ஸ் தொடங்கியது. சென்னையில் கிருஷ்ணராவின் உட்லண்ட்ஸ் 1938இல் எழுந்தது. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் சைவ உணவகங்கள் பெருகின. வாழையிலையில் சுடச்சுடத் தோசையும் சாம்பாரும் சம்பலும் கிடைத்தன. நன்மையே. ஆனால் இரண்டு மாற்றங்கள் கவனத்துக்குரியன. கொட்டிலில் அடுப்பும் காசுப்பெட்டியும் ஒரே கிழவியின் கைக்குள் இருந்தன. கட்டிடத்துக்குள் போனபோது இரண்டும் ஆண்களின் கைக்கு மாறின. இது முதலாவது.

இரண்டாவது, வாங்கு வந்தவுடனே அதில் யார் இருக்கலாம் என்ற கேள்வியும் வந்தது. சென்னையில் உணவகப் பலகைகளில் ‘பிராமணாள்’ என்று எழுதியிருந்ததை எதிர்த்து, 1957இல் பெரியார் திருவல்லிக்கேணியிலுள்ள ஓர் உணவகத்தின் முன் மறியல் நடத்தினார். பலகை எழுதாமலே யாழ்ப்பாணத்தில் அந்த வேலை நடந்தது. ஒடுக்கப்பட்ட சாதியினர் கடைக்குள் போக முடியாது. வெளியே நிற்பவருக்குச் சிரட்டையிலும் போத்தலிலும் தகரப்பேணியிலும் தேநீர் வார்க்கப்பட்டது. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் இதைக் குற்றமாக்கியது. சட்டம் வந்தும் கதவு திறக்கவில்லை. 1966 ஒக்டோபர் 21ஆந் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் சென்ற ஊர்வலமும், அதைத் தொடர்ந்து தேநீர்க்கடைப் பிரவேசம், ஆலயப் பிரவேசம் என்று நடந்த போராட்டங்களுமே கதவைத் திறந்தன. அடியும் உதையும் பட்டவர் உண்டு. உயிர் கொடுத்தவரும் உண்டு. கே. டானியலின் ‘பஞ்சமர்’ நாவல் பிறந்த சூழல் அதுவே. ஒரு தோசையும் ஒரு கோப்பைத் தேநீரும் வாங்கிலிருந்து உண்ணும் உரிமைக்கு ஒரு சமூகம் இவ்வளவு கொடுத்தது என்பதை, இன்று அதே வாங்குகளில் இருந்து பத்திரிகை விரிக்கும் நாம் மறந்துவிடலாகாது. எங்கள் துறை ஆச்சியின் கொட்டிலிலும் எல்லாரும் ஒரே பலகையில் இருந்தார்களா என்று பின்னாளில் தகப்பனாரிடம் கேட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. “நிண்டு சாப்பிட்ட ஆக்களும் இருந்தவை” என்று மட்டும் சொன்னார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பாதை நின்றது. பூநகரி போர்க்களமாயிற்று. குடாநாட்டுக்குப் போக விரும்பியவர்கள் கிளாலிக் கடலை இருளில் வள்ளங்களில் கடந்தனர். நாங்களும் ஊரைவிட்டுப் பெயர்ந்தோம். கடைசியாகத் துறையால் போன காலையில் தகப்பனாரிடம் சில்லறை இருக்கவில்லை. “வரேக்கை தாங்கோ தம்பி” என்றா ஆச்சி. திரும்பி வந்தபோது பொழுதுபட்டுக் கொட்டில் பூட்டிக் கிடந்தது. பிறகு துறையே இல்லை. அந்தக் கடன் அப்படியே கிடக்கிறது. 1993 நவம்பரில் பூநகரியில் பெருஞ்சமர் நடந்தது. 2008 நவம்பரில் ஊர் மறுபடியும் கைமாறியது. அதற்குள் சனம் கிழக்கு நோக்கிப் போய்விட்டது. 2009இல் முள்ளிவாய்க்காலில் உப்புக் கஞ்சிக்காகப் பிள்ளைகள் ஏனத்தோடு வரிசையில் நின்றார்கள். அந்தக் கஞ்சியை ஆண்டுதோறும் மே மாதத்தில் காய்ச்சி நினைவுகூர்கிறோம்.

மீள்குடியேறியபின் 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டது. யாழ்ப்பாணத்துக்கான பயணம் சுருங்கிவிட்டது, நன்று. ஆனால் காத்திருப்பு இல்லாத இடத்தில் அப்பக்கொட்டிலுக்கு வேலையில்லை. துறை ஓய்ந்தது. திரும்பி வந்தவர்களின் கையில் பாணும் கோதுமை மாவுமே முதலில் இருந்தன. உரலும் தாச்சியும் வழியிலே எங்கோ போய்விட்டன.

இந்நிலையில்தான் 2010களின் நடுப்பகுதி தொடக்கம் வடமாகாண விவசாயத் திணைக்களத்தின் முயற்சியால் ‘அம்மாச்சி’ உணவகங்கள் தோன்றின. நாட்டின் ஏனைய பகுதிகளில் ‘ஹெல பொஜுன்’ என்ற பெயரில் பெண்களைக் கொண்டு நடத்தப்படும் உணவகங்களை ஒத்த முயற்சி இது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, யாழ்ப்பாணம் திருநெல்வேலி ஆகிய இடங்களில் அம்மாச்சியைக் கண்டவர்கள் அதன் அமைப்பை அறிவார்கள். சமைப்பவரும் விற்பவரும் பெண்கள். அடுப்புகள் வாடிக்கையாளரின் கண்முன்னே எரிகின்றன. தோசை, அப்பம், இடியப்பம், பிட்டு, குரக்கன் பண்டங்கள், ஒடியற்கூழ் என்பன குறைந்த விலையில் கிடைக்கின்றன. நாமே வரிசையில் நின்று வாங்கி, எவரும் எந்த வாங்கிலும் இருந்து உண்ணலாம். போரிலே துணையை இழந்து குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்கள் பலர் அங்கே நிற்கின்றனர். அடுப்பும் வருவாயும் மறுபடியும் ஒரே கைக்கு வந்திருக்கின்றன என்பதே வரலாற்று மாணவனான எனக்கு அதில் முக்கியமாகப் படுகிறது.

இதனால் எல்லாம் சீராகிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. தேங்காய் விலை ஏறும்போது அப்பத்தின் விலையை ஏற்ற முடியாமல் தவிப்பவர் அவர்கள்தான். எல்லாருக்கும் அம்மாச்சியில் இடமும் இல்லை. வீட்டிலே சுட்டு, வாளியில் அடுக்கித் துணியால் மூடி, சந்திக் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, விற்றதற்கு மட்டும் காசு வாங்கி, மிஞ்சியதை வீட்டுக்குக் கொண்டுவரும் தாய்மார் பூநகரியில் இன்றும் இருக்கிறார்கள். என் மாணவியின் தாய் அவர்களில் ஒருவர்.

அண்மையில் மண் சுமந்த படலத்தை மறுபடியும் எடுக்க வேண்டி வந்தது. இம்முறை வெள்ளத்தில் தொடங்கவில்லை. அரிசி ஊறப்போடுவதில் தொடங்கினேன். இடித்தல், அரித்தல், வறுத்தல், கொத்துதல், அவித்தல் என்று வரிசையாகச் சொல்லி, விடியும்போது முதற்பிட்டைச் சொக்கருக்குப் படைத்துவிட்டு விற்பனைக்குப் போக வேண்டுமாயின் வந்தி எத்தனை மணிக்கு எழும்பியிருப்பாள் என்று கேட்டேன். ஆளுக்கொரு நேரம் சொன்னார்கள். அந்தப் பிள்ளை கையை உயர்த்தி, “மூண்டு மணி, சேர். மழையெண்டால் இரண்டரை” என்றாள். இம்முறை ஒருவரும் சிரிக்கவில்லை. எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள்: “எங்கட அம்மா அப்பிடித்தான்.”

நேயர்களே, சங்குப்பிட்டி ஆச்சியின் பெயர் எனக்குத் தெரியாது. தகப்பனாருக்கும் தெரிந்திருக்கவில்லை. எல்லாருக்கும் அவ ‘அப்பக்கார ஆச்சி’. உங்கள் ஊர்ச் சந்தியிலும், ஆசுபத்திரி வாசலிலும், பழைய துறையிலும் இப்படி ஒருவர் இருந்திருப்பார். சில இடங்களில் இன்னும் இருப்பார். அடுத்த தடவை அப்பம் வாங்கும்போது அவரது பெயரைக் கேளுங்கள். கொப்பியொன்றில் ஊர், பெயர், எந்த ஆண்டிலிருந்து சுடுகிறார், எந்த அரிசி, எத்தனை பிள்ளைகளை அந்த அடுப்பில் வளர்த்தார் என்று நாலு வரி எழுதி வையுங்கள். நமது பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கொண்டு இதைச் செய்விக்க எண்ணியிருக்கிறேன். முதற் பக்கத்தை எழுதித் தருவதாக அந்த மாணவி சொல்லியிருக்கிறாள்.